உளியும் பில்லும்

மரவேலை கற்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றைத்தான்: "எந்த மரம்?" கல்வராயன் மலையில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று புரியும். எங்கள் பக்கத்தில் ஒருவன் மரம் வெட்டப் போனான் என்றால் ஆந்திராவுக்குப் போனான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செம்மரம். புரோக்கர் வந்து முன்பணம் கொடுப்பான், ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஏற்றுவான். போனவர்களில் சிலர் பணத்தோடு வருவார்கள், சிலர் திருப்பதி, கடப்பை சிறைகளில் கிடந்துவிட்டு வருவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் விழுந்த அந்த இழவு எங்கள் மலை முழுக்கக் கேட்டது. "வாகை, வேம்பு, அத்தி" என்று சொல்லித்தான் அம்மாவைத் தேற்ற வேண்டியிருந்தது. தேக்கும் உண்டு என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 2019 நவம்பரில், விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. தொழில் அதைவிட ரொம்பப் பழசு. மதுரைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களோடு வந்த வேலை இது என்பார்கள். கோயில் வாகனம், தேர், கதவு, நிலை என்று ஓடிக்கொண்டிருந்தது, பிறகு வரவேற்பறைச் சிலைகளுக்கும் சுவர்ப் பலகைகளுக்கும் வந்து சேர்ந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இன்றும் தகரக் கொட்டகைப் பட்டறைகளைப் பார்க்கலாம். வாசலில் தலை மட்டும் வந்த யாளி நிற்கும், பக்கத்தில் கை வராத கிருஷ்ணர். உள்ளே பெண்கள் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சேர்ந்ததும் அப்படி ஒரு பட்டறைதான். சொந்தக்காரரை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நான் பி.காம். முடித்தவன் என்று தெரிந்ததும் அவர் சிரித்துவிட்டு, "காலையில உளி புடி, சாயங்காலம் பில்லு எழுது. ரெண்டுல எது வருதுன்னு பாப்போம்" என்றார். இரண்டையும் ஒன்றாகக் கற்றது எனக்குக் கிடைத்த நல்ல காலம். இளம் நிறுவனங்களின் நேர்மை, சமூகப் பொறுப்பு பற்றியெல்லாம் இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எனக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் பட்டறையில் தெரிந்ததுதான்.

முதலில் கையில் கொடுத்தது சாணைக்கல். உளி தீட்டத் தெரியாதவனுக்கு மரம் கிடையாது. தட்டை உளி, நகவுளி, அரை அங்குலம், கால் அங்குலம் என்று வரிசையாக இருக்கும். கல்லில் உளியின் முகம் படியும் கோணம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மாறக் கூடாது. தீட்டியதும் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் கல்லுக்குப் போ என்று அர்த்தம், பிடித்தால் போதும். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நார் வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் ஏறியதும் அந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டும். அதற்குப் பிறகு என்ன தேய்த்தாலும் போகாது.

அடுத்தது மரம். தடியை அறுத்துப் போட்டால் நடுவில் நிறமாக இருப்பது வைரம், சுற்றிலும் வெளிறி இருப்பது வெள்ளை. வெள்ளை உளுத்துப் போகும். வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளையைச் செதுக்கித் தள்ளினால் தடியில் கணிசமான பங்கு விறகுக்குப் போய்விடும். வெள்ளையையும் சேர்த்துச் சிலை செய்து கறுப்புப் பாலிஷ் ஏற்றினால் யாருக்கும் தெரியாது. சில வருடம் கழித்துப் பிள்ளையார் முதுகிலிருந்து மாவு கொட்டும்போதுதான் தெரியும். அதற்குள் வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பதெல்லாம் மறந்திருக்கும். தொழிலில் ஏமாற்றுவதற்கு இவ்வளவு வசதியான இடம் வேறு இல்லை. மாமா வெள்ளையை வைக்க மாட்டார். அதற்காக அவர் பெரிய தத்துவமெல்லாம் பேசியதில்லை. "நம்ம ஊர்லயே இருக்கப் போறோம்டா" என்பார், அவ்வளவுதான்.

உலர்த்துவதும் அப்படித்தான். வெட்டுமுகத்தில் சாணி பூசி நிழலில் போட வேண்டும். முகம் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் மரம் வாய் பிளக்கும். கனமான தடிக்கு மாதக்கணக்கு போதாது. மழைக்காலத்தில் ஒருவர் பத்து நாளில் மூன்றடிச் சிலை வேண்டும் என்று நின்றால், காயாத மரத்தில் செய்து கொடுத்துவிடலாம்தான். சென்னையில் ஏசி ஓடும் அறைக்குள் போனதும் அது நெற்றியிலிருந்து வயிறு வரை வெடிக்கும். இதையும் அவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகச் சொல்லிவிடுவார். பாதிப் பேர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

மரத்துக்குக் காகிதம் கேட்பது இன்னொரு பாடம். தேக்கு என்றால், பட்டா நிலத்தில் நின்ற மரமாகவே இருந்தாலும், வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்ற முடியாது. ராத்திரி மலிவாக வந்து இறங்கும் மரத்துக்குச் சீட்டு இருக்காது. மாமா சீட்டில்லாத மரத்தை வாசலுக்குள் விடுவதில்லை. வாங்க வரும் நிறுவனங்களில் எத்தனை பேர் அந்தச் சீட்டைக் கேட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அட்டைப்பெட்டியில் இலைப் படம் போட்டிருப்பார்கள். அந்த மரம் எந்தக் கொல்லையில் நின்றது என்று கேட்க மாட்டார்கள். மரத்துக்காக ஜெயிலுக்குப் போன ஆட்களின் ஊர்க்காரன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும்.

இனி ஒட்டு. குழலூதும் கண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை இரண்டும் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரே மரத்தில் எடுக்க வேண்டும் என்றால் அகலமான தடி வேண்டும், பக்கவாட்டில் உள்ள மரமெல்லாம் சீவலாகப் போகும். போதாததற்கு நீட்டிய கையில் நார் குறுக்கே ஓடும், தட்டினால் ஒடியும். அதனால் கையைத் தனியாக, நார் கையின் நீளத்துக்கே ஓடும்படி செதுக்கி, குச்சி அடித்துப் பசை வைத்து இணைப்பது உண்டு. நல்ல ஒட்டு மரத்தைவிட உறுதி. அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே மரத்தில் செய்ததற்கு விலை வேறு, ஒட்டுக்கு விலை வேறு. மாமா பாலிஷ் போடுவதற்கு முன்பே வாங்குபவரைக் கூப்பிடுவார். பென்சிலால் ஒட்டு ஓடும் இடத்தில் கோடு போட்டு, "இங்க ஒட்டு இருக்குங்க, பாத்துக்குங்க" என்பார். நேரில் வர முடியாதவருக்கு அந்தக் கோட்டோடு போட்டோ போகும். பில்லில் 'கை இரண்டும் ஒட்டு' என்று எழுத வேண்டும். அதை எழுதும் வேலை என்னுடையது.

சென்னையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த இணையக் கடை ஒன்று எங்களிடம் வந்தது இந்தச் சமயத்தில்தான். பெயர் வேண்டாம். படித்த பிள்ளைகள், மரியாதையான பேச்சு. மாமாவின் கையை மட்டும் ஒரு மணிநேரம் வீடியோ எடுத்தார்கள். கைவினைஞர்களின் வாழ்க்கையை உயர்த்துவதே நோக்கம் என்று சொன்னார்கள், அதை மனதார நம்பித்தான் சொன்னார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். விலை பேசியதும் வாட்ஸ்அப்பில்தான். எங்களுக்குக் கொடுத்ததுபோல் மூன்று மடங்கு விலையில் தளத்தில் போட்டார்கள். அது எனக்குத் தப்பாகப் படவில்லை. கணக்கு எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும், பெட்டி, பார்சல், விளம்பரம், வரி, விற்காமல் கிடக்கும் சரக்கு எல்லாம் அதற்குள்தான். மூன்று மடங்கு என்றதும் கொள்ளை என்று கத்துபவர்கள் ஒருமுறை கூரியர் கட்டணம் கட்டிப் பார்க்கட்டும்.

தகராறு வேறு இடத்தில் வந்தது. 'கை இரண்டும் ஒட்டு' என்று நான் எழுதி அனுப்பிய கண்ணனைத் தளத்தில் 'ஒற்றை மரத்தில் செதுக்கியது' என்று போட்டிருந்தார்கள். வாங்கியவர் தோள்பட்டையில் மெல்லிய கோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். நியாயம்தானே. ஆனால் அந்தச் சிலை எங்களுக்கு வந்து சேர்ந்தபோது கூடவே ஒரு கணக்கும் வந்தது. சிலையின் விலை, போன கூரியர், வந்த கூரியர், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கொடுத்த தள்ளுபடி எல்லாம் எங்கள் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. தரக்குறைபாடு என்று காரணம்.

மாமா போன் போட்டார். கோபமே இல்லை குரலில். "தம்பி, நான் ஒட்டுன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒரே மரம்னு எழுதுனது யாரு?" என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, எழுதியது மார்க்கெட்டிங் பையன், அவனுக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பாலிசிப்படி ரிட்டர்ன் செலவு சப்ளையருக்குத்தான் என்று பதில் வந்தது. பாலிசி என்பது எங்களிடம் யாரும் காட்டாத ஒரு காகிதம். "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

அந்த மாதத்துக்கு முந்தைய பில்களும் நிலுவையில் கிடந்தன. அந்த நேரத்தில்தான் எங்கள் மலைக்கு அவர்கள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்தார்கள். எங்கள் சித்தி மகளுக்கும் ஒன்று கிடைத்தது. நோட்டு நல்ல நோட்டு, குறை சொல்ல முடியாது. அன்று இரவே படங்கள் அவர்கள் பக்கத்தில் 'எங்கள் சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பில் வந்துவிட்டன. கீழே பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் இரண்டு அக்காக்களுக்கு அந்த வாரச் சம்பளத்தை மாமா கடன் வாங்கிக் கொடுத்தார்.

சட்டம் அவர்களை நோட்டு கொடுக்கச் சொல்லவே இல்லை. 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ தொட்ட கம்பெனிகளைத்தான் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். நேற்று ஆரம்பித்த கடைக்கு அந்தக் கடமை கிடையாது. மறுபக்கம், 2016 ஜனவரியில் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் ஆறு தொழிலாளர் சட்டங்களிலும் மூன்று சுற்றுச்சூழல் சட்டங்களிலும் 'நான் ஒழுங்காக இருக்கிறேன்' என்று இளம் நிறுவனம் தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. தர்மம் செய்யச் சொல்லவில்லை, சொன்ன சொல்லை நம்பியது. அப்படி நம்பப்பட்டவர்கள் தர்மத்தில் பெயர் வாங்கவும் சொல்லில் கோட்டை விடவும் நேர்வது விசித்திரம்தான். இளம் நிறுவனத்துக்கு ஒரு சமூகம் உண்டு என்றால் அதில் முதல் ஆள் அதற்குச் சரக்கு கொடுப்பவர். அவருக்குச் சேர வேண்டிய பணம் தேதியில் சேர்ந்ததா என்பதைத் தாண்டிய பிறகுதான் நோட்டுப் புத்தகம்.

பிறகு ஒரு நாள் நிறைய முன்பணம் தருவதாக ஒப்பந்தம் ஒன்றை அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முன்பணம் கணக்குத் தீரும்வரை அந்த வடிவங்களை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விலை அவர்கள் அவ்வப்போது முடிவு செய்வார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தா காலத்தில் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் மலைக்கு வரவில்லை. 1976இல்தான் ஜாகிர் ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976. வீட்டுக்கு ஒரு ஆள் ஜாகிர் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தாத்தா யாரோ ஒருவருடைய கதைபோலச் சொல்வார். அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பதை மட்டும் அது சொல்லவில்லை. தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு வியாபார ஒப்பந்தத்தைக் கொத்தடிமை என்பது மிகை என்று வக்கீல்கள் சொல்வார்கள். நானும் அப்படி வழக்காட வரவில்லை. ஆனால் அந்த வரியை எழுதியவர் இந்தச் சட்டத்தின் பக்கம் ஒரு தடவையாவது தலைவைத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். மாமா கையெழுத்துப் போடவில்லை. "முன்பணம் மரம் வாங்கத்தான்டா, ஆளை வாங்க இல்ல" என்று மட்டும் சொன்னார்.

முன்பணமே கூடாது என்பதில்லை. உலக நியாய வணிக அமைப்பின் நெறிகளில் ஒன்று, கைவினைஞர் கேட்டால் ஆர்டர் மதிப்பில் பாதியையாவது வட்டியில்லாமல் முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. மரம் வாங்க, கூலி கொடுக்க, பட்டறைக்காரர் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க. பாதி கொடுத்த பின்னும் மீதி நேரத்துக்கு வர வேண்டும். இந்த மாவட்டத்துக் கரும்பு விவசாயிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1966ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு இறங்கிய 14 நாளில் ஆலை பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. அப்படியே நடக்கிறதா என்று மூங்கில்துறைப்பட்டிலோ கச்சிராயபாளையத்திலோ டீக்கடையில் கேட்டால் நீளமாகச் சொல்வார்கள். இருந்தாலும் அந்த 14 எல்லோருக்கும் மனப்பாடம்.

சிற்பிகளுக்கும் அப்படி ஒரு எண் இருக்கிறது என்பது பட்டறைகளில் தெரியாது. 2006ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம்தான் அது. உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுத்தில் தேதி பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள், எப்படிப் பேசினாலும் 45 நாளைத் தாண்டாமல் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இணையத்தில் மனுப் போட்டால் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். போதாததற்கு, வருமான வரிச் சட்டத்தில் ஒரு உட்பிரிவைச் சேர்த்து, இப்படிக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது என்றும் ஆக்கிவிட்டார்கள். நான் பி.காம். படித்ததற்குப் பட்டறைக்குக் கிடைத்த லாபம் இதுதான். மாமாவுக்கு உத்யம் பதிவு எடுத்தேன், ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணையும் '45 நாள்' என்பதையும் கொட்டையாக அச்சிட்டேன்.

மனுப் போட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. மன்றத்துக்குப் போனால் வட்டியோடு வரும், அதற்குப் பின் ஆர்டர் வராது. சட்டம் எவ்வளவு கறாராக இருந்தாலும் இந்த ஒரு பயத்துக்கு மருந்து வைக்கவில்லை. அந்தக் கடை கடைசியில் பணத்தைக் கொடுத்தது, தவணை தவணையாக. வட்டி கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

கொடுக்கல் வாங்கலைவிட என்னைச் சுட்ட விஷயம் ஒன்று உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நாடு முழுக்க டிவியில் கள்ளக்குறிச்சி. சாராயம் என்றால் எங்கள் மலைப் பேரும் சேர்ந்து அடிபடும். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது, சாலையும் ஆஸ்பத்திரியும் ஏன் இல்லை என்று கேட்டது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்களிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு வியாபாரி, பெட்டியில் ஊர்ப் பெயர் வேண்டாம், 'தமிழ்நாட்டுக் கைவினை' என்று மட்டும் இருக்கட்டும் என்றார். குறியீடு வந்த 2021இல் அதே பெயரைப் பெரிய எழுத்தில் கேட்டவர் அவர்தான். நல்ல பேரில் பங்கு கேட்பவர் கெட்ட நேரத்தில் ஊரைக் கழற்றிவிடுவது சட்டப்படி தப்பில்லை. எனக்கு அது நேர்மையாகப் படவில்லை.

குறியீட்டின் மறுபக்கமும் இருக்கிறது. கணினி இயந்திரத்தில் செதுக்கிய பலகையைக் கள்ளக்குறிச்சிக் கைச்சிற்பம் என்று விற்பவர்கள் உண்டு. இயந்திரத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. முரட்டு வெட்டுக்கு இயந்திர ரம்பம் எங்கள் பட்டறையிலும் ஓடுகிறது. இயந்திரத்தில் செய்ததை இயந்திரம் என்று சொல்லி விற்றால் போதும். பொய்க் குறியீட்டுக்கு 1999ஆம் வருடப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்தப் பெயரை முறையாகப் போட்டுக்கொள்ளச் செதுக்குபவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டறை பட்டறையாகப் போய் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடனும் மானியமும் உண்டு, அதற்கும் படிவம் நிரப்புகிறேன். எனக்குத்தான் கிடைக்காது. 35 வயது ஆக வேண்டுமாம். கற்றுக்கொள்கிறவனுக்கு எந்த வயதில் பணம் வேண்டும் என்று திட்டம் போட்டவர்களை ஒருநாள் கேட்க வேண்டும்.

எல்லா இளம் நிறுவனமும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. திருச்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆர்டர் பேசுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். சீவலில் எவ்வளவு மரம் போகிறது, தேய்க்கும் அக்காவுக்கு என்ன கூலி, மரச் சீட்டு எங்கே, காய எத்தனை மாதம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆர்டர் தாள் தமிழில், ஒரே பக்கம். பாதிப் பணம் முன்னால், மீதி சரக்குக் கிடைத்த 15 நாளில். வெடிப்பு வந்தால் எங்கள் பொறுப்பு, வழியில் உடைந்தால் அவர்கள் பொறுப்பு, தளத்தில் தவறாக எழுதினால் அதுவும் அவர்கள் பொறுப்பு. ஒட்டு இருந்தால் அந்த வரியும் விலைக்குப் பக்கத்திலேயே வரும். கோ-ஆப்டெக்ஸ் சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் வைத்ததைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் செதுக்கியவர் பெயரோடு தேய்த்தவர் பெயரையும் போட்டார்கள். உப்புத்தாள் தேய்க்கும் ஒரு அக்கா அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரனிடம் காட்டியிருக்கிறார். அவர்களுடைய கடை சின்னது. பெரிய கடைகள் எடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. மாமா முதலில் முடிப்பது அவர்கள் ஆர்டரைத்தான்.

கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று 2013இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது. தேனும் காப்பியும் மிளகும் கொடுக்கும் மலைக்காரர்களே பங்குதாரர்கள். உற்பத்தியாளர் நிறுவனம் என்ற சட்ட வடிவில், பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். சிற்பிகளும் எங்கள் மலைக் கடுக்காய், புளி, தேன் எடுப்பவர்களும் சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கலாமே என்று பட்டறையில் பேச்சு ஓடுகிறது. மாமாவுக்குச் சந்தேகம். "நம்மாளு கம்பெனின்னா மட்டும் பில்லு நேரத்துக்கு வந்துருமா?" என்கிறார். அவர் கேள்வி நியாயமானது. முதலாளி யார் என்பதை வைத்து நேர்மை தானாக வந்துவிடாது. சிலையில் முதல் முரட்டு வெட்டிலேயே தலை சாய்ந்துவிட்டால் பிறகு மூக்கும் கண்ணும் எவ்வளவு நுணுக்கமாக எடுத்தாலும் சாய்ந்தேதான் நிற்கும். கம்பெனியும் சின்னதாக இருக்கும்போது எப்படிப் பில் கொடுத்ததோ அப்படித்தான் பெரிதான பிறகும் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன். வளர்ந்தபின் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்ன எவரும் திருத்தி நான் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் முகம் எடுக்க வரவில்லை. பிள்ளையார் பஞ்சதாலம், உயரத்தை ஐந்தாகப் பிரித்துக் கட்டம் போட வேண்டும் என்பது மனப்பாடம். கை அதற்கு இன்னும் பழகவில்லை. ஆடை மடிப்பும் பீடத்துத் தாமரையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பில் எழுதுவதும் தொடர்கிறது.

கைவினைப் பொருள் விற்கக் கடை தொடங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தளத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்கு வந்து உட்காருங்கள். யாருக்கு என்றைக்குப் பணம் தருவீர்கள் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழும்பூரிலிருந்து ராத்திரி கிளம்பும் சேலம் ரயில் சின்னசேலத்தில் நிற்கும். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இருக்கிறது. காலையிலேயே பட்டறை திறந்திருக்கும்.